விசில் ஊதாதவரை

கூப்பிட மாட்டார், இந்தப் பாதி முடியும்வரை நிச்சயம் கூப்பிட மாட்டார் என்று ஒரு மனம் சொல்லிக்கொண்டிருந்தது. கூப்பிடாமலே விட்டுவிட்டால் உன் கதி என்ன என்று இன்னொரு மனம் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஜெசிந்தா பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து வலது முழங்காலை நீட்டுவதும் மடக்குவதுமாக இருந்தாள். சாயங்காலமாகியும் நாள் முழுக்கக் காய்ந்த சிமெண்ட் தரையின் சூடு ஷூவுக்குள் ஏறியது. கூடைப்பந்து மைதானத்தின் விளக்குகளை அப்போதுதான் போட்டிருந்தார்கள். தண்ணீர் தொட்டிப் பக்கத்துக் கூடையின் பலகையில் யாரோ உள்ளூர் இரும்புக்கடைக்காரர் தன் பெயரை மஞ்சளில் எழுதி வைத்திருந்தார். ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவர்கள் அணி அந்தக் கூடையில்தான் போட்டுக்கொண்டிருந்தது. அந்த மஞ்சள் எழுத்தையே பார்த்துப் பார்த்து அது கண்ணுக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது. கோட்டோரம் கோச் தனபாலன் சார் கத்திக்கொண்டிருந்தார். “ஏ எருமை, யோகஸ்ரீ! பந்த வச்சிக்கிட்டு என்ன ஜெபமா பண்ற? தள்ளிவிடு!” யோகஸ்ரீ தள்ளிவிட்டாள். ஜெசிந்தா பிள்ளை பெறப் போனபோது அவள் இடத்தில் வந்து நின்ற பெண். கல்லூரியே முடிக்கவில்லை. காலையில் லாட்ஜில் வந்து, “ஜெசியக்கா, ஒரு ஜோடி சாக்ஸ் தாங்களேன், என்னுது காயவே இல்ல” என்று வாங்கிப்போன சாக்ஸோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறாள். அவளை வெறுக்கவும் வரவில்லை. வெறுக்க வராததுதான் எரிச்சலாக இருந்தது. நல்ல பெண், நன்றாகவும் ஆடுகிறாள், அதற்கு மேல் என்ன வேண்டும் ஒருத்தியைத் தீர்த்துக்கட்ட? போன மாதம் ஆபீசில் விளையாட்டு அதிகாரி ஜெசிந்தாவை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் வராத டீ. “பாருங்கம்மா, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வந்தவங்க ஆடணும். இந்த டோர்னமென்ட்ல இறங்கி ஆடுங்க. ஃபிட்டா இருக்காங்கன்னு உங்க கோச் ஒரு வார்த்தை சொல்லட்டும், டீம்லயே இருங்க. இல்லேன்னா ஜெனரல் டியூட்டி. எங்க ஆளில்லையோ அங்க போடுவாங்க, என் கையில இல்ல.” ஆளில்லாத இடம் எது என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். ஒரு முழு இரவு ரயில் பயணம், ஷிப்ட் வேலை, குடிக்கிற தண்ணீரே உப்பு. டீமில் இருந்தால் காலையில் பிராக்டிஸ், மதியத்துக்கு மேல் வீடு, மடியில் குழந்தை ஷெரின். டீமில் இல்லையென்றால் ஷெரின் அத்தை கையில் பாட்டிலோடு. அவள் எங்கோ ஒரு குவார்ட்டர்ஸில் மார்பில் பால் கட்டிக்கொண்டு. இவ்வளவுதான் விஷயம். உலகத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ இருக்கிறது, அவளுக்கு இந்த ஒரு ஆட்டம். ஆனால் முழங்கால்.

முழங்காலைப் பற்றி நினைக்கக்கூடாது என்று நினைத்தாலே அந்தச் சத்தம் வந்துவிடும். முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம். நாலைந்து வருஷம் ஆகிறது, இன்னும் அவள் வீட்டில் அவள் கையால் முருங்கைக்காய் ஒடித்ததில்லை. கத்தியால் அறுக்கிறாள், நார் உரிவதில்லை, அத்தை சாம்பாரில் நாரை இழுத்துப் போட்டுக்கொண்டே, “கான்வென்டுல இதெல்லாம் சொல்லித்தர மாட்டாங்க போல” என்பாள். என்ன சொல்லித்தந்தார்கள் கான்வென்டில்? முட்டிக்குக் கீழே இறங்குகிற பாவாடையோடு பந்து தட்டச் சொல்லித்தந்தார்கள். மாவட்டப் போட்டிக்குப் போகும்போது மட்டும் மதர் மனமிரங்கி அரைக்கால் சட்டை அனுமதித்தார், அதுவும் பஸ்ஸில் மேலே பாவாடை கட்டிக்கொண்டுதான் போகவேண்டும், கோர்ட்டுக்கு வந்து அவிழ்க்கவேண்டும். சங்கமித்ராதான் முதலில் அவிழ்ப்பாள். அவிழ்த்துச் சுழற்றி வீசுவாள். ஹாஸ்டலில் அவளைச் சங்கு என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஜெசிந்தா ஆறாம் வகுப்பிலேயே டீச்சரைவிட உயரம். “இந்த ஒசரத்துக்கு மாப்பிள்ளைய எங்க போய்த் தேடறது, தென்னை மரத்துலயா?” என்று அப்பா சிரிக்காமல் சொல்வார். அந்த உயரத்தை யாரோ ஒருத்தர் பார்த்து இது குறையில்லை என்று சொன்னபோது, பந்து என்ன, பாம்பைக் கையில் கொடுத்திருந்தாலும் பிடித்திருப்பாள். அப்புறம் மாநில அணி, நேஷனல்ஸ், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, இந்திய அணிக்கான கேம்ப். கேம்ப் முடியப்போகிற சமயம், ஒரு சாதாரண பிராக்டிஸில், யாரும் மோதவில்லை, யாரும் தள்ளவில்லை, சும்மா குதித்துக் கீழே வந்தாள். டக். வலிகூட உடனே வரவில்லை. முதலில் வந்தது சத்தம், அடுத்து வந்தது சங்கமித்ராவின் முகம், மேலேயிருந்து குனிந்து, “ஏய், எழுந்திரிடி, நடிக்காத” என்று. இந்திய அணியின் நீலச் சட்டை சங்கமித்ராவுக்குப் போனது. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்தாள். ஆப்பிளைத் தானே நறுக்கித் தானே தின்றுகொண்டு ரொம்ப நேரம் அழுதாள். எதற்கு அழுதாள் என்று ஜெசிந்தாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆபரேஷன், அதற்கப்புறம் சைக்கிள் மிதி, மணல் மூட்டை தூக்கு, ஒரு வழியாக ஓட ஆரம்பித்தபோது கல்யாணம், கல்யாணமானதும் ஷெரின். முழங்கால் சரியானதா என்று தெரிந்துகொள்வதற்குள் வயிறு வந்துவிட்டது. சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். டாக்டருக்கு என்ன, அவர் காலா? இப்போது அதே சங்கமித்ரா எதிரில் வங்கி அணியின் கேப்டனாக ஆடிக்கொண்டிருந்தாள், பத்து வருஷமாக ஒருநாளும் உடம்புக்கு வராதவள் மாதிரி. வார்ம்-அப்பின்போது ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “என்னடி ஜெசி, பால் வாசம் அடிக்குது உன் மேல!” அன்பாகத்தான் சொன்னாள். அன்பாகச் சொல்கிறவர்களை என்ன செய்ய முடியும்?

அதை நினைத்த மாத்திரத்தில் மார்பில் ஊசி குத்துவதுபோல் வந்தது. கேலரியில் ஷெரின் அழ ஆரம்பித்திருந்தாள். அத்தனை கூச்சலில், மைக்கில் வர்ணனை சொல்லும் ஆள், “பந்து இப்பொழுது மின்னல் வேகத்தில், ஆகா, அருமையானதொரு பாஸ்” என்று பிளந்துகட்டிக்கொண்டிருந்ததற்கு நடுவில், அந்த அழுகை நூல் மாதிரி தனியாக அவளிடம் வந்தது. உள்ளே துணி மடித்து வைத்திருந்தாள். அது நனைகிற கதகதப்பு தெரிந்தது. அழாதே கண்ணு. கொஞ்சம் பொறு. இப்போது கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது? கூப்பிட மாட்டார். கூப்பிட்டால் மஞ்சள் சட்டையில் ஈரம் தெரியும், கேலரியில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற மீசைக்காரர்களுக்கெல்லாம் தெரியும். வியர்வை என்று நினைப்பார்களா? வியர்வை அங்கே மட்டுமா வட்டமாக வரும்? பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு எங்கிருந்து வியர்வை? கூப்பிடாதீர்கள் சார். கூப்பிடுங்கள் சார். மனதுக்குள் மங்கள வார்த்தை ஜெபத்தைத் தொடங்கினாள். பழக்கம். ஃப்ரீ த்ரோ போடும்போதெல்லாம் பாதி ஜெபத்தில் பந்து கையைவிட்டுப் போய்விடும், மீதி ஜெபம் சொல்லாமலே நிற்கும். அப்படி எத்தனை அரை ஜெபங்கள் மாதாவின் வீட்டு வாசலில் குவிந்து கிடக்கிறதோ. முதல் பாதி முடிந்து சைரன் ஊதினார்கள். அவள் எழுந்து தனபாலன் சாரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமலே, “போம்மா, போய்ட்டு சட்டுனு வா. மூணாவது குவார்ட்டர் நீதான்” என்றார். நீதான். அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அவள் கேலரிக்குப் பின்னால் ஓடினாள்.

முதலுதவி அறை என்று பேப்பரில் எழுதி ஒட்டிய அறையில் உண்மையில் நாற்காலிகளும் சீரியல் விளக்கு மூட்டைகளும்தான் இருந்தன. அத்தை ஷெரினைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். “இந்தா, பிடி. ஊரே திரும்பிப் பாக்குது இவ கத்துற கத்துக்கு. ஒரு கையில இவ, ஒரு கையில உன் தாலி இருக்கிற பர்ஸு, கொசு அடிக்க எனக்கு மூணாவது கை இல்ல பாரு.” ஆட்டத்தில் நகை கூடாது, சங்கிலி கூடாது, நடுவர் கழுத்தைப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றிக் கொடுக்கும்போது அத்தை சிலுவை போட்டுக்கொள்வாள், மகனுக்காக. “என் மவன் ரூபன் நல்லா இருக்கான், அங்க லேப்ல ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு இருக்கான்னு எனக்கு நானே சொல்லிக்கணும். ஆமா, ஆட்டமாடி இது? அடியில்லாத கூடையில போடுறதுக்கா கவர்மெண்டு சம்பளம் குடுக்குது? போட்டதெல்லாம் கீழ விழுது, மறுபடி பொறுக்குறீங்க. அதுல அவன் வேற மைக்குல குவார்ட்டரு குவார்ட்டருன்னு...” ஷெரின் ஆவேசமாகக் கவ்விக்கொண்டாள். உடம்பு முழுக்க அந்த இழுப்பு. ஜெசிந்தா கண்ணை மூடினாள். நீதான். வெளியே இரண்டு அணியும் பந்து போட்டுப் பழகுகிற சத்தம் கேட்டது; பலகையில் பட்டு, தரையில் பட்டு. போகவேண்டும். இன்னொரு பக்கமும் கொடுக்காவிட்டால் பால் கட்டிக்கொள்ளும். போகவேண்டும். “அத்தை, இன்னிக்கு நான் ஆடலைன்னா மாத்திடுவாங்க.” “தெரியும். ரூபன் சொன்னான்.” அத்தை பர்ஸை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, “மாத்தினா மாத்தட்டும், பிள்ளைய நான் பாத்துக்கிறேன்” என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அத்தை பார்த்துக்கொள்வாள். நன்றாகவே பார்த்துக்கொள்வாள். ஷெரின் அத்தை மேல் கால் போட்டுத் தூங்குவாள், அத்தை விரலைப் பிடித்து நடப்பாள், லீவில் வருகிற இந்த உயரமான பொம்பளையைப் பார்த்து அத்தை முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். விசில் கேட்டது. குழந்தையைப் பிய்த்தெடுத்துக் கொடுத்தாள். அது வாயைத் திறந்தபடி, அநியாயம் இழைக்கப்பட்டதுபோல் ஒரு கணம் பார்த்துவிட்டுப் பிறகுதான் அலறியது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அழுகை எட்டாத தூரத்துக்கு ஓடினாள். எட்டாத தூரம் என்று ஒன்று இல்லை.

“எங்கம்மா போன, ஒம்பது பேரும் நிக்கிறாங்க, போ போ போ!” தனபாலன் சார் முதுகில் கைவைத்துத் தள்ளிய தள்ளில் கோர்ட்டுக்குள் வந்து நின்றாள். நடுவர் கழுத்தைப் பார்த்தார். வெறும் கழுத்து. வங்கி அணிப் பெண் ஒருத்தி பக்கவாட்டிலிருந்து பந்தைத் தூக்கி உள்ளே எறிந்தாள். உயரமாகப் போய்விட்டது, வாங்கவேண்டியவள் வழுக்கி விழுந்தாள், பந்து எல்லோரையும் தாண்டித் தண்ணீர் தொட்டிப் பக்கம் துள்ளி உருண்டது. யாரும் நினைப்பதற்கு முன்னால் கால்கள் நினைத்தன. ஜெசிந்தா ஓடினாள். பந்து கைக்கு வந்தது, அந்தச் சொரசொரப்பு, ஆட்டத்தில் வருஷக்கணக்காகத் தொடாத ஏதோ ஒரு மிருகத்தின் தோல்போல. முன்னால் யாருமில்லை. யாருமே இல்லை. மஞ்சள் எழுத்து இருக்கிற அந்தப் பலகை மட்டும். முழங்கால், என்றது மனம்; போ, என்றது முழங்கால். பின்னால் கூச்சல் எழுந்தது, “ஜெசி! ஜெசி!” என்று அவள் பெயரையே கூவுகிறார்கள், பெஞ்ச் முழுக்க எழுந்து நிற்கிறது, கேலரி எழுந்து நிற்கிறது, “ஜெசியக்கா!” என்று யோகஸ்ரீயின் குரல்கூட. எத்தனை வருஷமாயிற்று இந்தச் சத்தம் கேட்டு. பக்கத்தில் ஒரு நிழல் கூடவே ஓடி வந்தது, சங்கமித்ரா, வரட்டும், தடுக்கட்டும். ஆனால் சங்கமித்ரா கையைத் தூக்கவில்லை. பயந்துவிட்டாளா? அவளுக்கு மூச்சு வாங்குகிறதா? அவள் முகத்தில் என்னவோ ஒன்று இருந்தது, வாய் பாதி திறந்து, ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டவள் மாதிரி. கோட்டுக்கு முன்னால் ஒரு அடி, இன்னொரு அடி, இப்போது இந்தக் காலை ஊன்ற வேண்டும், இந்தக் காலை, ஊன்றினாள், ஒன்றும் ஒடியவில்லை, எழும்பினாள். உடம்பு எடையே இல்லாமல் போனது. பலகையின் மூலையில் பந்தைச் சாத்திவிட்டுக் கீழே வந்தாள், அந்தக் காலிலேயே, முழுப் பாரத்தோடு, சத்தமில்லாமல். ஒரு சத்தமும் இல்லாமல். வலை அசைந்தது. அவள் இரண்டு கையையும் தூக்கித் திரும்பினாள்.

யாரும் அவளிடம் ஓடி வரவில்லை. அவர்கள் அணிப் பெண்கள் கோர்ட்டின் நடுவில் அங்கங்கே நின்றார்கள், ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு. கேலரியில் சிரிப்பு முதலில் ஒரு மூலையில் ஆரம்பித்து வரிசை வரிசையாக வந்தது. பாதி முடிந்ததும் பக்கம் மாறுவார்கள். மழலையர் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். பக்கம் மாறி எல்லோரும் பள்ளிக்கூடப் பக்கத்துக் கூடையில் பந்து போட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது அவள் சீரியல் விளக்கு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பக்கம் முடிந்ததும் பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டிருந்தாள். மைக்கில் அந்த ஆள் சந்தோஷம் தாங்காமல் விளக்கினான்: “பொதுமக்கள் கவனிக்கவும், சொந்தக் கூடையிலேயே பந்தைப் போட்டிருக்கிறார் சகோதரி ஜெசிந்தா! ஆகவே விதிமுறைப்படி இந்த இரண்டு புள்ளிகளும் வங்கி அணியின் கேப்டன் சங்கமித்ராவின் பெயரில் சேர்க்கப்படுகின்றன!” அவள் பெயரில். இதுவும் அவள் பெயரில். கத்தியவர்கள் எல்லோரும் நில் என்றுதான் கத்தியிருக்கிறார்கள். இந்த உடம்பு திரும்பி வந்துவிட்டது, முழுசாக, ஒரு பழுதில்லாமல் வந்துவிட்டது, அதைப் பார்க்கவேண்டிய மனிதர்கள் எல்லோரும் பார்த்தார்கள், இனி ஒருத்தரும் அதை நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். “சொல்லணும்னுதான்டி வந்தேன்...” என்று முணுமுணுத்தபடி சங்கமித்ரா திரும்பி ஓடினாள். பெஞ்சில் தனபாலன் சார் கத்தவில்லை. யோகஸ்ரீயின் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். யோகஸ்ரீ ஆட்டச் சட்டைக்கு மேல் போட்டிருந்த டிராக்ஸூட்டைக் கழற்றிக்கொண்டே போய் ஸ்கோர் மேஜைக்குப் பக்கத்தில் மாற்று ஆட்டக்காரிகள் காத்திருக்கிற இடத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் ஜெசிந்தாவுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கூடை விழுந்தால் ஆட்டம் நிற்காது. விசில் ஊதினால்தான் ஆள் மாற்ற முடியும். பந்து வெளியே போகவேண்டும், அல்லது யாராவது ஃபவுல் பண்ணவேண்டும். விசில் ஊதாதவரை அவள் உள்ளே இருக்கிறாள். ஊதினால் வெளியே, வெளியே என்றால் இந்தக் கோட்டுக்கு வெளியே மட்டுமில்லை, உப்புத் தண்ணீர் வரைக்கும். பந்து கம்பத்தடியில் உருண்டு கிடந்தது. எடுத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றாள். இப்போது அவர்கள்தான் உள்ளே எறியவேண்டும். ஆனால் வாங்க ஒருத்தியும் வரவில்லை. எல்லோரும் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடுவரின் கை விநாடிகளை எண்ணி அசைய ஆரம்பித்தது. நேரத்தில் எறியாவிட்டாலும் விசில்தான். “வாங்கித் தொலைங்கடி!” யார் கத்தியது என்று அவளே திடுக்கிட்டாள். கான்வென்டில் இப்படி ஒரு குரல் வந்திருந்தால் முழங்காலில் நிற்க வைத்திருப்பார்கள். ஒருத்தி பதறி ஓடிவந்தாள். பந்து உள்ளே போனது. ஆட்டம் நகர்ந்தது.

ஓடினாள். ஈரம் மார்பிலிருந்து வயிறு வரை இறங்கிவிட்டது, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். பள்ளிக்கூடப் பக்கத்துக் கூடை, இதுதான், இப்போது இதுதான் என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். அவர்கள் போட்ட பந்து வளையத்தில் சுற்றி வெளியே விழ, வங்கி அணி எடுத்துக்கொண்டது. திரும்பி ஓடினாள். பந்தே, வெளியே போய்விடாதே. யாரும் யாரையும் தொட்டுவிடாதீர்கள். இப்படியே ஓடிக்கொண்டிருக்கட்டும், விளக்கு அணைகிறவரை, ஷெரின் வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறவரை, ஒருத்தர் வாயிலும் விசில் ஏறாமல். அப்போது சங்கமித்ரா பந்தோடு அவளை நோக்கி வந்தாள். இடது பக்கம் காட்டிவிட்டு வலது பக்கம் வெட்டுவாள். ஹாஸ்டல் நாளிலிருந்தே அதுதான் அவள் வழி, உலகத்துக்கே தெரியாவிட்டாலும் பக்கத்துக் கட்டிலுக்குத் தெரியும். இடது பக்கம் காட்டினாள். ஜெசிந்தா ஏமாறவில்லை. கால்கள் சரியான இடத்தில் இருந்தன, மார்பு சரியான இடத்தில் இருந்தது. அப்படியே நின்றால் போதும், சங்கமித்ரா வந்து மோதுவாள், விழுவார்கள், இருவரில் யார்மீது தப்போ அது நடுவர் பாடு. மோதினால் விசில். தனபாலன் சார் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். “நில்லு! அசையாத, நில்லு!” என்று பழைய குரலில், ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் முந்திய குரலில் கத்தினார். இத்தனை வருஷ ஆட்டத்தில் அவள் யாருக்கும் வழிவிட்டதில்லை. பல் பெயர்ந்திருக்கிறது, புருவம் கிழிந்து தையல் போட்டிருக்கிறது, நின்றிருக்கிறாள். மேஜைக்குப் பக்கத்தில் யோகஸ்ரீ எழுந்து தயாராக நின்றாள். சங்கமித்ரா வந்துகொண்டிருந்தாள். ஜெசிந்தா ஒரு அடி பின்னால் வைத்தாள். இன்னொரு அடி பக்கவாட்டில். கதவைத் திறந்து பிடித்துக்கொள்கிற மாதிரி உடம்பை ஒதுக்கிக்கொண்டாள். சட்டையின் காற்று மட்டும் மேலே பட்டது. போகிற போக்கில் சங்கமித்ரா திரும்பி அவளைப் பார்த்தாள்; அந்தப் பார்வையில் ஜெயித்த சந்தோஷம் இல்லை, தெரிந்த வீட்டுக்கு வந்து வேறு யாரோ கதவைத் திறந்தால் பார்ப்பதுபோல் இருந்தது. பந்து கூடைக்குள் விழுந்தது. பெஞ்ச் பக்கம் திரும்ப ஜெசிந்தாவுக்குத் துணிச்சல் வரவில்லை. அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை என்பது மட்டும் கேட்டது. விசில் ஊதவில்லை. யாரோ பந்தை எடுத்து உள்ளே எறிந்தார்கள். அவள் ஓட ஆரம்பித்தாள், பந்து வராத பக்கமாகப் பார்த்து.